ரியாக்டிவ் வந்த கொடையாளர்: உறுதி செய்யும் சோதனையை எங்கே செய்வது?

காலையில், கொடை ரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்று தேடும் எலிசா சோதனையை ஓட்டி முடித்து பிளேட்டைப் பார்க்கிறோம். தொண்ணூறு சொச்சம் குழிகளில் ஒன்று மட்டும் மஞ்சளாக நிற்கிறது. எச்பிஎஸ்ஏஜி, அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம், ரியாக்டிவ்: இருப்பதாகச் சோதனை காட்டுகிறது. அந்தப் பையை, அதிலிருந்து பிரித்த சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா எல்லாவற்றோடும் சேர்த்து ஒதுக்கி, ஆட்டோகிளேவுக்கு அனுப்புகிறோம். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. சரி, அப்புறம்? அந்த ரத்தத்தைக் கொடுத்தவருக்கு நிஜமாகவே ஹெபடைடிஸ் பி இருக்கிறதா? அதை யார், எந்தச் சோதனையை வைத்துச் சொல்வது?

தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் ரத்த மையம் நடத்துகிற யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கண் முன்னே இருக்கிற வழிகள் நான்கு. பையை அழித்துவிட்டு, கொடையாளரை நம்பிக்கை மையம் எனப்படும் அரசின் எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பிவிடலாம். நம் ஆய்வகத்திலேயே வேறொரு கிட்டில் (சோதனைப் பொருள் தொகுப்பில்) மறுபடி சோதித்து முடிவு சொல்லலாம். மாதிரியை, உறுதி செய்யும் சோதனைகளைச் செய்யும் ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இல்லையென்றால், வைரஸின் மரபணுப் பொருளையே நேரடியாகத் தேடும் நாட் சோதனை செய்து அதன் முடிவை எடுத்துக்கொள்ளலாம். நான்குமே ஏதோ ஓர் இடத்தில் நடக்கின்றன. எது எந்தத் தொற்றுக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே முடிவுகள் இரண்டு. பையைப் பற்றிய முடிவு முதல் ரியாக்டிவிலேயே முடிந்துவிடுகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் வழிமுறைப்படி கொடை ரத்தத்துக்கு ஒரே சோதனைதான். அதில் ரியாக்டிவ் என்றால் பை போய்விட்டது. ரெஃபரன்ஸ் ஆய்வகம் பிற்பாடு தொற்றே இல்லை என்று சொன்னாலும் அந்தப் பை திரும்பி வராது. நோயாளியின் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது, சரியான முடிவும்கூட. அதனால் உறுதி செய்யும் சோதனை முழுக்க முழுக்க இரண்டாவது முடிவுக்காகத்தான், அதாவது கொடையாளருக்காக. செலவு, நேரம், வசதி என்று எதை வைத்து ஒப்பிட்டாலும், கடைசியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வழியில் போனால் அந்த மனிதரிடம் என்ன சொல்ல முடியும், அதை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?

முதல் சோதனை ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆண்டுக்கு 10,000 பேர் ரத்தம் கொடுக்கிறார்கள், ஆயிரத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்று உள்ள 10 பேரையும் கிட் பிடித்துவிடுகிறது. தொற்று இல்லாதவர்களில் 99.8 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது. நல்ல கிட் இது, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் மிச்சமுள்ள 9,990 பேரில் 0.2 சதவீதம், ஏறத்தாழ 20 பேர், தொற்று இல்லாமலே ரியாக்டிவ் ஆகிறார்கள். ஆக மொத்தம் 30 ரியாக்டிவில் 20 பொய். அதே கிட்டைத் தொற்று நூற்றில் ஒருவருக்கு இருக்கும் கூட்டத்தில் போட்டால், 100 மெய், 20 பொய். கிட் மாறவில்லை, கொடையாளர் கூட்டம்தான் மாறியது. தன்னார்வக் கொடையாளர்களை நன்றாகத் தேர்ந்தெடுக்கும் மையம் எந்த அளவுக்கு நல்ல மையமோ, அந்த அளவுக்கு அதன் ரியாக்டிவ்களில் பொய்யானவற்றின் பங்கும் கூடும். இதை மேலதிகாரிகளுக்குப் புரியவைப்பது எளிதல்ல, ஆனால் புரியவைத்தே ஆக வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, பையை அழித்துவிட்டுக் கொடையாளரை வேறிடத்துக்கு அனுப்புவது. எச்.ஐ.வியைப் பொறுத்தவரை இதுதான் நம் அமைப்பு வகுத்துத் தந்த வழி, அதில் நியாயமும் இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இருக்கிறார். ஒப்புதல் வாங்கிப் புதிதாக ரத்தம் எடுக்கிறார்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று சோதனைகளில் வரிசையாக ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ் என்று சொல்கிறார்கள். எல்லாம் இலவசம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபிறகு, ஆலோசனையும் ரகசியமும் நம் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல, சட்டக் கடமை. பாசிட்டிவ் என்று ஆனால் அங்கிருந்தே எச்.ஐ.வி மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு வழி இருக்கிறது.

இந்த வழி உடையும் இடம் சோதனை அல்ல, அங்கே போய்ச் சேருவது. முகாமில் ரத்தம் கொடுத்தவரின் கைபேசி எண் மாறியிருக்கும். முகவரியில் வெறும் தெருப்பெயர் இருக்கும். கொடையாளர் படிவத்தில் முடிவு ஏதாவது மாறுபட்டால் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. முகாமின் அவசரத்தில் அதைப் படிக்காமலே டிக் அடித்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில், கொடையாளர் வீட்டுக்குப் போன் செய்து, எடுத்த தம்பியிடமே ரத்தத்தில் ஏதோ இருக்கு, வந்து பார்க்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கொடையாளர் நம்பிக்கை மையத்துக்கும் போகவில்லை, ரத்த மையத்துக்கும் அதன்பிறகு வரவில்லை. அவருக்குத் தொற்று இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வீட்டில் மட்டும் ஒரு பெயர் வந்துவிட்டது.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி தொற்றியது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் 2016லும் ரத்தம் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று தெரியவந்திருக்கிறது, ஆனால் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். 2018இல் சோதனையில் தவறியது ஒரு பிழை. அதற்கு இரண்டாண்டு முன்பே, ரியாக்டிவ் ஆன ஒருவரைத் தேடிப்பிடித்து, உறுதி செய்து, உட்காரவைத்துச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். அன்று சொல்லியிருந்தால் அவருக்குச் சிகிச்சை கிடைத்திருக்கும், அவர் மறுபடி ரத்தம் கொடுக்கவும் வந்திருக்க மாட்டார். முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் நடப்பது இதுதான். எத்தனை பேரை அனுப்பினோம் என்ற கணக்கு மட்டும் போதாது. எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கும் மாதாமாதம் வேண்டும்.

இரண்டாவது வழி, நம் ஆய்வகத்திலேயே மறுசோதனை. இதில் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும். அதே மாதிரியை அதே கிட்டில் இரண்டு முறை திருப்பிப் போடுவது ஒன்று. இதை எந்த மையமும் விடக்கூடாது. ரத்தம் முழுதாக உறைவதற்குள் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுவிட்டால், சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரில்) கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஃபைப்ரின் எனும் உறைபுரத இழை மிதக்கும். அது குழியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் கழுவும்போது போகாது, நிறம் வந்துவிடும். பக்கத்துக் குழியில் வலுவான பாசிட்டிவ் இருந்து துளி தெறித்தாலும் இதே கதை. மாதிரியை மறுபடி நன்றாகச் சுழற்றித் தெளியவைத்து, பையோடு ஒட்டியிருக்கும் குழாயில் உள்ள ரத்தத்திலிருந்தும் தனியாக எடுத்துப் போட்டால், இப்படி வந்த ரியாக்டிவ்களில் கணிசமானவை அங்கேயே காணாமல் போகும். மாதிரி மாறிப்போயிருந்தாலும் பையின் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். பை எப்படியும் அழிக்கப்படும்தான். ஆனால் ஒருவரைத் தேவையில்லாமல் கூப்பிட்டு அலைக்கழிப்பது தவிர்க்கப்படும்.

மற்றது, வேறு கிட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டும் ரியாக்டிவ், ஆகவே பாசிட்டிவ் என்று நாமே முடிவு எழுதுவது. மேலே சொன்ன கணக்கில் அந்த 20 பொய்களையும் இரண்டாவது கிட்டில் போட்டால், காகிதத்தில் எல்லாமே உதிர்ந்துவிட வேண்டும், 20க்கு 0.2 சதவீதம் என்றால் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கிட்டும் ஒன்றையொன்று சாராமல் தவற வேண்டும். ஒரே ஆன்டிஜெனை (எதிர்ப்புரதம் வந்து ஒட்டும் கிருமிப் புரதத்தை) பூசிய இரண்டு கிட்டுகள், பெட்டியின் நிறம் வேறாக இருந்தாலும், ஒரே ஆளிடம் ஒரே மாதிரிதான் ஏமாறும். அந்த ஆளின் ரத்தத்தில் எந்த எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) தவறாகப் போய் ஒட்டுகிறதோ, அது இரண்டிலும் ஒட்டும். டெண்டரில் எது குறைந்த விலைக்கு வந்ததோ அதை வாங்குகிற மையங்களில், இரண்டாவது கிட்டின் ஆன்டிஜென் என்ன என்று யாரும் உறையைப் பிரித்துப் படிப்பதில்லை. எலிசாவில் ரியாக்டிவ் ஆனதை ரேபிட் கார்டில் போட்டு, கார்டில் கோடு வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று சொல்வதும் நடக்கிறது. இது இன்னும் ஆபத்து. ரேபிட் கார்டு பல நேரங்களில் எலிசாவைவிடக் குறைவாகவே பிடிக்கும். குறைவாகப் பிடிக்கும் சோதனையை வைத்து நெகட்டிவ் என்று சமாதானம் சொல்லக்கூடாது.

சிபிலிஸுக்கு மட்டும் இந்த இரண்டாவது வழி தாராளமாகப் போதும். ஆர்பிஆர் என்ற முதல்நிலைச் சோதனையில் ரியாக்டிவ் ஆனவருக்கு, சிபிலிஸ் கிருமிக்கான எதிர்ப்புரதத்தையே தேடும் டிபிஎச்ஏ போட்டால் படம் தெளிவாகிவிடும். ஆர்பிஆர் ரியாக்டிவ், டிபிஎச்ஏ நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அது பொய். லூபஸ் போன்ற நோய், மலேரியா, கர்ப்பம், முதுமை எல்லாம் ஆர்பிஆரைக் கிளப்பிவிடும். டிபிஎச்ஏ பாசிட்டிவ் என்றால் தொற்று இருக்கிறது அல்லது எப்போதோ இருந்தது. சிகிச்சை முடிந்தபிறகும் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும். அதைப் பிரித்துச் சொல்ல மருத்துவர் வேண்டும், ரெஃபரன்ஸ் ஆய்வகம் வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். ரெஃபரன்ஸ் ஆய்வகம் என்ன செய்கிறது என்பதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். எலிசா செய்ய வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார்கள். 6 மாதிரிகள் மஞ்சளாயின. அதுவரை இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பதாக யாரும் உறுதி செய்ததில்லை. அவர்கள் அந்த மஞ்சளை வைத்து உடனே அறிவித்துவிடவில்லை. மறுபடி சோதித்தார்கள். அந்தப் பெண்களிடம் திரும்பப் போய்ப் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அந்த மாதிரிகள் விமானத்தில் அமெரிக்கா போய், அங்கே வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதியான பிறகே செய்தி அரசுக்கும் சட்டமன்றத்துக்கும் போனது. மறுசோதனை, புது மாதிரி, வேறு தத்துவத்தில் இயங்கும் சோதனை. உறுதி செய்வதன் மூன்று படிகளும் அன்றே அங்கே இருந்தன.

வெஸ்டர்ன் பிளாட்டில் நடப்பது இது. வைரஸின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு மெல்லிய பட்டையில் ஏற்றியிருப்பார்கள். கொடையாளரின் சீரத்தில் அந்தப் பட்டையை ஊறவைத்தால், எந்தெந்தப் புரதத்துக்கு எதிர்ப்புரதம் இருக்கிறதோ அந்தந்த இடத்தில் கோடு விழும். ஜிபி160, ஜிபி120, ஜிபி41 என்று வைரஸின் உறைப் புரதங்களில் குறைந்தது இரண்டிலாவது கோடு இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி பாசிட்டிவ். ஒரு கோடும் இல்லையென்றால் நெகட்டிவ். பி24 என்ற உட்புரதத்தின் இடத்தில் மட்டும் வெளிறிய ஒற்றைக் கோடு விழுந்தால்? அதுதான் ரெஃபரன்ஸ் ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவரின் அனுபவம் தேவைப்படும் இடம். தொற்றின் ஆரம்ப நாட்களாக இருக்கலாம், எச்.ஐ.வியின் இன்னொரு வகையான எச்.ஐ.வி-2 ஆக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அறிக்கையில் முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுதி, 2 முதல் 4 வாரத்தில் புது மாதிரி கேட்பார்கள். இப்போது உலகம் வெஸ்டர்ன் பிளாட்டை விட்டு விலகி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2014இல் தன் சோதனை வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோயறியும் இடங்களில் அதைத் தவிர்த்து மூன்று சோதனை வரிசையையே பின்பற்றச் சொன்னது. நம் நம்பிக்கை மையங்கள் செய்துவருவதும் மூன்று சோதனைதான். ஆகவே எச்.ஐ.விக்கு வெஸ்டர்ன் பிளாட் வசதி இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து ரெஃபரன்ஸ் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ரெஃபரன்ஸ் ஆய்வகத்தின் அருமை ஹெபடைடிஸ் பியில்தான் எனக்கு அதிகம் தெரிகிறது. எச்பிஎஸ்ஏஜி நியூட்ரலைசேஷன் என்று ஒரு சோதனை. மாதிரியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் எச்பிஎஸ்ஏஜியைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புரதத்தைக் கலக்கிறார்கள், மற்றதில் வெறும் கண்ட்ரோல் திரவம். பிறகு இரண்டையும் எலிசாவில் போடுகிறார்கள். முதலில் தெரிந்தது நிஜமான எச்பிஎஸ்ஏஜிதான் என்றால், எதிர்ப்புரதம் கலந்ததில் சிக்னல் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். விழவில்லை என்றால், அங்கே இருந்தது வேறு ஏதோ. வைரஸ் மிக அதிகமாக இருக்கும் மாதிரியில் கலந்த எதிர்ப்புரதம் போதாமல் சிக்னல் விழாமல் நிற்கும். அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்த்துப் போட வேண்டும் என்பது அடிக்கடி செய்பவர்களுக்குத்தான் கைவரும். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் செய்யும் மையத்தில் அந்தப் பழக்கம் வராது, திறந்த கிட்டும் காலாவதியாகிக் கிடக்கும். கூடவே, தடுப்பூசியால் வராமல் தொற்றால் மட்டுமே வரும் எதிர்ப்புரதமான ஆன்டி-எச்பிசி, தேவைப்பட்டால் வைரஸின் டிஎன்ஏ என்று அவர்கள் சேர்த்துப் பார்ப்பதால் முழுப் படம் கிடைக்கிறது. இன்னொன்று: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட சில நாட்களில், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் வரைகூட, ஊசியில் இருந்த ஆன்டிஜெனே ரத்தத்தில் தெரியும். நியூட்ரலைசேஷனிலும் அது பாசிட்டிவ் ஆகும், ஏனென்றால் அது நிஜமான எச்பிஎஸ்ஏஜிதான். ஆன்டி-எச்பிசி நெகட்டிவ், டிஎன்ஏ நெகட்டிவ், போன வாரம் ஊசி போட்டுக்கொண்டார் என்ற தகவல், மூன்றும் சேர்ந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும். நர்சிங் மாணவிகள் நிறைய பேர் முகாமுக்கு வரும் மையங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மாதிரியோடு போகும் படிவத்தில் தடுப்பூசித் தேதி இல்லையென்றால், எவ்வளவு பெரிய ஆய்வகமும் தவறான பக்கம் சாயலாம்.

ஹெபடைடிஸ் சியில் நிலைமை வேறு. முன்பு உறுதி செய்யப் பயன்பட்ட ரீபா என்ற பட்டைச் சோதனை சந்தையிலிருந்தே போய்விட்டது. 2013இல் சிடிசி நேரடியாக வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பார்க்கச் சொல்லிவிட்டது. ஆர்என்ஏ இருந்தால் தொற்று இப்போது இருக்கிறது, விவாதம் முடிந்தது. ஆர்என்ஏ இல்லையென்றால்தான் விஷயமே. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் ஏறக்குறைய 15 முதல் 45 சதவீதம் பேருக்கு, சிகிச்சை இல்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுகிறது. எதிர்ப்புரதம் மட்டும் மிஞ்சும். முதல் கிட்டில் சிக்னல் எவ்வளவு உயரம், வேறு ஆன்டிஜென் கொண்ட இரண்டாவது கிட் என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான், வந்து போன தொற்றா, முதலிலிருந்தே பொய்யா என்று பிரிக்க முடியும். சிக்னலின் எல்லை கிட்டுக்குக் கிட் மாறும். அதனால் அனுப்பும்போது ரியாக்டிவ் என்று மட்டும் எழுதாமல், கிட்டின் பெயர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), கட்-ஆஃபுக்கு (ரியாக்டிவ் என்று கொள்ளும் எல்லைக்கு) எத்தனை மடங்கு சிக்னல் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

இந்த லாட் எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. பல மையங்களின் மாதிரிகள் ஓரிடத்துக்கு வரும்போது, தனி மையத்துக்குத் தெரியாதது அங்கே தெரியும். ஒரே லாட் கிட்டில் ஐந்தாறு மையங்களில் ரியாக்டிவ் வந்து, ஒன்றுகூட உறுதியாகவில்லை என்றால், கோளாறு கிட்டில். நம் இடத்தில் உட்கார்ந்திருந்தால், இந்த மாதம் முகாம் சரியில்லை என்று கொடையாளர்கள் மீதே பழிபோட்டிருப்போம்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லாவற்றையும் அனுப்பிவிடலாமே? நேரம் ஒரு தடை. இந்தச் சோதனைகளை மாதிரிகள் சேர்ந்த பிறகு தொகுதியாகத்தான் ஓட்டுவார்கள். அறிக்கைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மாதிரி பயணம் செய்வதும் சின்ன விஷயமில்லை. ஆர்என்ஏ, டிஎன்ஏ பார்க்க வேண்டுமென்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். வெயில் காலத்தில் கூரியர் பையில் ஒரு பகல் கிடந்த குழாயில் ஆர்என்ஏ இல்லை என்று வந்தால், அந்த முடிவை நான் நம்ப மாட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, கொடையாளரை மறந்துவிடும் ஆபத்து. மாதிரி போய்விட்டது, அறிக்கை வரட்டும் என்று இருந்தால், அறிக்கை வரும்போது அவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

நான்காவது வழி நாட். இதை வாங்கிய மையங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. இந்தியாவில் இது கட்டாயம் இல்லை. செலவு செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். எதிர்ப்புரதச் சோதனை ஹெபடைடிஸ் சியைப் பிடிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் எடுக்கும் என்றால், நாட் ஒரு வாரம் பத்து நாளில் பிடிக்கிறது. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவாகவே இருந்து டிஎன்ஏ மட்டும் இருப்பவர்களையும் பிடிக்கிறது. இந்திய மையங்களில் நாட் கூடுதலாகப் பிடித்தவற்றில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் பிதான். பையின் பாதுகாப்புக்கு நாட் அருமையான கருவி.

ஆனால் உறுதி செய்யும் வேலைக்கு அதை ஒற்றை ஆளாக நிறுத்தக்கூடாது. நாட் பாசிட்டிவ், சீராலஜியும் (எலிசா போன்ற சோதனையும்) பாசிட்டிவ் என்றால் சந்தேகமே இல்லை, தொற்று இருக்கிறது. நாட் நெகட்டிவ் என்பதுதான் பொறி. ஏஆர்டி மருந்து ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி ஆர்என்ஏ தெரியாது. மருந்தே இல்லாமல் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அபூர்வமானவர்களும் உண்டு. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாக இருந்து டிஎன்ஏ மிகக் குறைவாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஆறு மாதிரியைச் சேர்த்து ஒன்றாகச் சோதிக்கும் முறையில் அந்தக் கொஞ்சமும் நீர்த்துப்போகும். இவர்கள் எல்லாருக்கும், நாட் நெகட்டிவ், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினால், சிகிச்சை தேவைப்படும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு. மூன்று வைரஸையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையில் ரியாக்டிவ் ஆகி, எந்த வைரஸ் என்று பிரித்துப் பார்க்கும்போது எதுவுமே வராத மாதிரிகள். அவற்றை என்ன செய்வது என்று கேட்டால், மறுபடி ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

நான் என் மையத்துக்கு என்றால் இப்படித்தான் தேர்ந்தெடுப்பேன். எல்லா ரியாக்டிவ்களையும் அதே கிட்டில் இரண்டு முறை திருப்பிப் போடுவதும், பைக் குழாயைச் சரிபார்ப்பதும் நம் வேலை. அது அன்றன்றே முடியும். எச்.ஐ.விக்கு நம்பிக்கை மையம், அதுவும் சீட்டுக் கொடுத்தல்ல, நம் ஆலோசகரே கூட்டிக்கொண்டுபோய். அங்கே முடிவு தெளிவாகவில்லை என்றால் அவர்கள் வழியாகவே ரெஃபரன்ஸ் ஆய்வகம். சிபிலிஸை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் பிக்கு ரெஃபரன்ஸ் ஆய்வகம், குறிப்பாக சிக்னல் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் இருப்பவர்களுக்கு. ஹெபடைடிஸ் சிக்கு 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தின் சிகிச்சை மையம். ஆர்என்ஏ சோதனையும், தேவைப்பட்டால் மாத்திரையும் அங்கே இலவசம், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணமாகிவிடுகிறது. அதனால் ஹெபடைடிஸ் சி பொய்யா மெய்யா என்று தெரிவது ஒருவரின் ஆயுளையே மாற்றும். ஆர்என்ஏ இல்லை என்று வந்தவர்களின் மாதிரியை மட்டும் ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

நாட் வாங்கலாமா வேண்டாமா என்பதை இந்தக் கணக்கோடு சேர்க்க வேண்டாம். அது பைக்கான செலவு. உறுதி செய்யும் சோதனைக்கு ஒதுக்க வேண்டிய பணத்தை அதற்குத் திருப்பிவிட்டு, இனி எல்லாம் நாட் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்த நிர்வாகங்களை நான் கண்டிருக்கிறேன்.

ரெஃபரன்ஸ் ஆய்வகத்தோடு ஒப்பந்தம் போடுமுன் கேட்டுவிட வேண்டியவை சில. எந்தக் குழாயில், எத்தனை மில்லி, எந்தக் குளிரில் வேண்டும்? தொகுதியாக எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டுகிறார்கள்? அறிக்கையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் வருமா, கிடைத்த எண்களும் விளக்கமும் சேர்ந்து வருமா? முடிவு தெளிவாகவில்லை என்றால் அடுத்த மாதிரிக்கு யார் பொறுப்பு? மீதி மாதிரியை எவ்வளவு காலம் உறையவைத்து வைத்திருப்பார்கள்? கடைசிக் கேள்வி அவசியமில்லாததுபோலத் தோன்றும். பின்னாளில் அந்தக் கொடையாளர் முன்பு கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்று தேட நேர்ந்தால், அந்தச் சிறு குப்பிதான் சாட்சி.

கொடையாளரைக் கூப்பிடுவது எப்போது என்பதில் மையங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அறிக்கை வந்த பிறகு ஒரேயடியாகச் சொல்லலாம் என்பது ஒரு கட்சி. காத்திருக்கும் வாரங்களில் அவரைக் கலங்கவைக்க வேண்டாமே என்று கேட்கிறார்கள். நான் முதலிலேயே கூப்பிடும் பக்கம். எப்படியும் புது மாதிரி எடுக்க அவர் வர வேண்டும். முதல் சோதனையில் ஒரு சந்தேகம், இதில் பல நேரங்களில் ஒன்றுமே இருக்காது, உறுதி செய்ய இன்னொரு முறை எடுக்கிறோம், அதுவரை ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று எதிரே உட்காரவைத்துச் சொன்னால், பெரும்பாலானோர் புரிந்துகொள்கிறார்கள். போனில் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. அவரிடம்தான் பேசுகிறோம் என்று உறுதியாகும்வரை ரத்த மையம் என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

உறுதியாகவில்லை என்று அறிக்கை வந்தவர்களுக்கு நாம் இன்னும் நியாயம் செய்யவில்லை. பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில், குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி சோதித்து, எல்லாம் நெகட்டிவ் என்றால் அவரைத் திரும்பக் கொடையாளராகச் சேர்த்துக்கொள்ள எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறது. இங்கே பெரும்பாலான மையங்களில் கணினியில் ஒருமுறை ரியாக்டிவ் என்று ஏறிய பெயர் அப்படியே நிற்கிறது. வருடக்கணக்காக ரத்தம் கொடுத்து வந்தவர், தன் பிறந்தநாளுக்குத் தவறாமல் வந்தவர், காரணம் சொல்லப்படாமலே திருப்பி அனுப்பப்படுகிறார். அவரைச் சேர்த்துக்கொள்வது நம் கையில் இல்லை என்றாலும், ஒரு கடிதம் நம் கையில் இருக்கிறது. உங்களுக்கு இந்தத் தொற்று இல்லை என்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் ரத்தம் எங்கள் கிட்டில் தவறாக எதிர்வினை காட்டுவதால் மட்டுமே உங்களிடம் ரத்தம் எடுக்க முடியவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் தமிழில் அச்சிட்டு, ரெஃபரன்ஸ் ஆய்வக அறிக்கையின் நகலோடு, மருத்துவ அதிகாரி கையெழுத்திட்டு அவர் கையிலேயே கொடுங்கள். நாளை வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் அதே கிட்டில் சோதித்து அவரை ஒதுக்கிவைத்தால், எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு காகிதம் இருக்கும்.